ஹமீதாக்கா சொன்னது

1

நான் வேலை பார்க்கும் ஆய்வு மையத்துக்கு இந்த ஆண்டு வெள்ளி விழா. கனடாவின் நடுவே, பாதி வருஷம் பனி மூடிக் கிடக்கும் ஓர் ஊரில், பல்கலைக்கழக நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய செங்கல் கட்டடம்தான் எங்கள் இடம். ஒரு நெடுஞ்சாலைக்காக நகரசபை ஒரு தெருவையே இடித்துத் தள்ளியபோது, அதனால் யார் எங்கே போனார்கள், என்ன ஆனார்கள் என்று விசாரிக்கக் கிளம்பிய மூன்று ஆசிரியர்கள் தொடங்கிய மையம் இது. அரசாங்கம் ஒரு திட்டம் போடுமுன் அதன் நல்லது கெட்டதை ஆராய்ந்து சொல்வதும், சொன்ன பிறகு யாருக்காகவும் அதை மாற்றாமல் இருப்பதும் எங்கள் வேலை. வாசலில் பித்தளைப் பலகையில் இதைப் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

விருந்தில் நான் பேச வேண்டும் என்று எங்கள் இயக்குநர் மார்கரெட் கேட்டார்.

"வேலைக்கு வந்த அன்று சொன்னாயே, மெட்ராஸ் பேராசிரியரின் கதை. அதைச் சொல். நாம் எதற்காக இருக்கிறோம் என்பதை அதைவிட நன்றாக யாரும் சொல்லிவிட முடியாது."

உண்மைதான். அந்தக் கதையை வைத்துத்தான் எனக்கு இங்கே வேலையே கிடைத்தது. புதிதாகச் சேரும் மாணவர்களுக்கும் வருஷா வருஷம் அதைச் சொல்லி வந்தேன். இந்த முறை முடியாது என்று சொல்லிவிட்டேன். மார்கரெட்டுக்கு வருத்தம். காரணம் கேட்டார். ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். தமிழில் எழுதினாலாவது முழுதாக வருகிறதா பார்க்கிறேன்.

இங்கே என் பெயர் முத்தையா. அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர் என்று கடவுச்சீட்டில் போட்டுவிட்டார்கள். கணவர் சேகரின் பெயருக்கு வால் சின்னசாமி. மகள் கவிதாவுக்கு வால் சேகர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர். குடியுரிமை அலுவலகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்து, "நீங்கள் ஒருவருக்கொருவர் உறவா?" என்று கேட்டாள். அலுவலகத்தில் "முத்தையா!" என்று யாராவது கூப்பிட்டால் அப்பா பின்னால் வந்து நிற்கிறாரோ என்று இன்றும் ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறேன்.

கவிதா உயர்நிலைப் பள்ளியில் கடைசி வகுப்புகளில் இருக்கிறாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்தி நாளாயிற்று. போன வருஷம் ஒருநாள், "அம்மா, உன் வேலைக்குத் தமிழில் என்ன?" என்று கேட்டாள். கொள்கை ஆய்வு என்றேன். கொள்கை என்றால் என்ன என்றாள். அரசாங்கம் போடும் திட்டத்துக்கும் கொள்கை என்றுதான் பெயர், ஒரு மனுஷன் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவதற்கும் அதே பெயர்தான் என்றேன்.

"இரண்டும் ஒன்றா?" என்றாள் ஆங்கிலத்தில்.

இல்லை என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போய்விட்டேன்.

2

ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். அப்பா திருநெல்வேலிக்காரர். பக்கத்து வீடு சேலம், எதிர் வீடு தஞ்சாவூர், கோடி வீடு கம்பம். எல்லா ஊர்த் தமிழும் எங்கள் குழாயடியில் கேட்கும். காலைச் சங்கு ஊதினால் வரிசையாகச் சைக்கிள்கள் கிளம்பும்.

பொருளாதாரம் படித்து முடித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இரண்டு அறைகள். அதுதான் கொள்கை ஆய்வு மையம். அதைத் தொடங்கியவர் பேராசிரியர் தங்கராஜ். பல காலம் வகுப்பில் பொருளாதாரம் சொல்லிக் கொடுத்தவர், ஒருநாள் அலுத்துப்போய்த் துணைவேந்தரிடம் சண்டை போட்டு இந்த இரண்டு அறைகளையும் வாங்கினார்.

"கோட்டையில ஒரு முடிவு எடுக்கறாங்க. அது யார் வீட்டு அடுப்படியில போய் முடியுதுன்னு ஒருத்தரும் பார்க்கறதில்லை. அதைப் பார்க்கறதுதான்மா நம்ம வேலை" என்றார் நான் சேர்ந்த அன்று.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அது சரிளா, ஊர்ல கேட்டா என்ன உத்தியோகம்னு சொல்லட்டும்?" என்றார். கடைசியில் "டீச்சர் மாதிரி" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தார்.

மையத்துக்குத் தங்கராஜ் சார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்த ஆய்வானாலும், யாரைப் பற்றி எழுதினோமோ அவர்கள் முன்னால் முதலில் வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் தப்பு என்று சொன்னால் திருத்த வேண்டும். அதற்கப்புறம்தான் அரசுக்குப் போகும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் பெண்களுக்குப் பஸ் இல்லாததைப் பற்றி எழுதியபோது, ஷிப்ட் முடிந்து வந்தவர்களைத் தொழிற்பேட்டை வாசலிலேயே உட்கார வைத்து வாசித்தோம். களைப்பாக வந்தவர்கள்கூடச் சிரித்துச் சிரித்துத் திருத்தினார்கள். வேறெங்கும் இப்படி ஓர் இடம் இல்லை என்று நாங்கள் நம்பினோம். இளவயதில் அப்படி நம்புவது பெரிய சுகம்.

3

பிறகு தண்ணீர் ஆய்வு வந்தது. சென்னையில் குழாய்கள் காய்ந்திருந்த காலம். பெங்களூர் நெடுஞ்சாலை ஓரமாகப் பூந்தமல்லி, சென்னீர்குப்பம் பக்கத்து விவசாயக் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரிகள் தண்ணீரை உறிஞ்சிப் பட்டணத்துக்குக் கொண்டுபோயின. நெல்லைவிடத் தண்ணீர் லாபமாக இருந்தது. சுற்றியிருந்த வீட்டுக் கிணறுகளும் அடிபம்புகளும் ஒவ்வொன்றாக வறண்டன. இதில் என்ன செய்யலாம் என்று ஆராய்ந்து சொல்லும்படி அரசுத்துறை ஒன்று எங்களைக் கேட்டிருந்தது.

அங்கேதான் ஹமீதாக்காவைச் சந்தித்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பூந்தமல்லித் தையல்கடைகளுக்குச் சட்டையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பார். அவர் வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருந்தார். மற்றவர்கள் வாயைத் திறக்கத் தயங்கியபோது அவர் ஒருவர்தான் மடியில் சட்டையை வைத்துக்கொண்டு தையலை நிறுத்தாமல் பேசினார்.

"இன்னாத்துக்கு மறைக்கணும்? கன்னியப்பன் கெணத்தாண்ட போய்ப் பாரு. லாரி வந்துகினே கீது. நம்ப ஊட்டு அடிபம்புல காத்துதான் வருது. கேட்டாக்கா, என் கெணறு, என் கரண்டுன்றான். பூமிக்குக் கீய ஓடற தண்ணி அவன் அப்பன் ஊட்டுதா?"

கன்னியப்பன் அந்தப் பகுதியின் பெரிய கிணற்றுக்காரர். ஹமீதாக்கா குடியிருந்த வீடு கன்னியப்பனின் மைத்துனருடையது. அடிபம்பு வறண்ட பிறகு, கன்னியப்பனின் மோட்டார் ரூமுக்கு வெளியே இருந்த குழாயில்தான் அந்தத் தெருவே தண்ணீர் பிடித்தது. இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். அதனால் அறிக்கையில் யார் பெயரும் வராது என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தோம்.

அறிக்கையைத் தங்கராஜ் சார் தாமே எழுதினார். அவருக்கு ஹமீதாக்காவின் பேச்சு மிகவும் பிடித்துவிட்டது. அதை அப்படியே சேர்த்தார். பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாசிப்பு நடந்தது. லாரிக்காரர்கள், கிணற்றுக்காரர்கள், குடத்தோடு வந்த பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். சார் கணீரென்று வாசித்தார். நடுவில் ஓர் இடத்தில், "காஜா எடுக்கும் பெண் ஒருவர் சொன்னார்: பூமிக்குக் கீழே ஓடும் தண்ணீர் அவன் அப்பன் வீட்டுடையதா?" என்று வாசித்தார்.

மண்டபம் முழுவதும் திரும்பி ஹமீதாக்காவைப் பார்த்தது. அந்தத் தெருக்களில் காஜா எடுக்கும் பெண் வேறு யாருமில்லை.

கன்னியப்பன் கோபப்படவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சிரித்தார். "இன்னா ஹமீதா, நம்ப தண்ணி இனிமே உனுக்குக் கசக்குமே!"

மறுநாள் காலை அந்தக் குழாய்க்குப் பூட்டு விழுந்தது. தெரு முழுக்க வெறுங்குடத்தோடு நின்றது. ஹமீதாக்காவால் வந்த வினை என்று தெருவே அவரைப் பேசியது. அந்த வாரமே மைத்துனர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்.

4

தங்கராஜ் சார் கன்னியப்பன் வீட்டுக்குத் தாமே போனார். நானும் கூடப் போனேன். அவர் கைகூப்பி நின்று நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"அந்த அம்மா மேல தப்பு இல்லீங்க. நான் எழுதினது. என்னைத் திட்டுங்க."

"சார், நீங்க பெரிய மன்சன், படிச்சவரு. உங்களெ நான் இன்னாத்துக்குத் திட்டப்போறேன்? என் கொயா, நான் பூட்டிக்கினேன். காப்பி சாப்ட்டுப் போங்க" என்றார் கன்னியப்பன். அவ்வளவு மரியாதையாகக் கதவைச் சாத்த முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஹமீதாக்காவுக்கு வேறு வீடு பார்க்கும்படி சார் என்னிடம் சொன்னார். அப்பா தம்மோடு வேலை பார்த்த ஒருவரிடம் சொல்லி, நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வீட்டைப் பிடித்தார். சைக்கிள் கடை போயிற்று. காஜா வேலையும் போயிற்று. மாட்டுவண்டியில் தட்டுமுட்டுச் சாமான் ஏறியபோது ஹமீதாக்கா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் சார் எங்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அறிக்கை போகாது. பேர் வராதுன்னு வாக்குக் கொடுத்தோம். காப்பாத்த முடியலை. ஒரு குடும்பத்தைத் தெருவுல நிறுத்திட்டு வந்த ஆராய்ச்சி நமக்கு வேண்டாம்."

அறிக்கை வந்தால் குடியிருப்புகளுக்கு நடுவே தண்ணீர் விற்பதைத் தடுக்க ஓர் ஆணை போட வாய்ப்பு இருக்கிறது என்று துறை அதிகாரி ஒருவர் இரண்டு முறை நேரில் வந்து சொன்னார். சார் அசையவில்லை. பத்திரிகைக்காரர் ஒருவர் நகல் கேட்டார். கொடுக்கவில்லை. துறை எங்களுக்கு அடுத்த ஆய்வைத் தரவில்லை. ஆய்வு இல்லாத மையம் எதற்கு என்று பல்கலைக்கழகத்தில் கேள்வி வந்தது. கடைசியில் எங்களைப் பொருளாதாரத் துறையோடு சேர்த்துவிட்டார்கள். பெயர்ப்பலகையைக் கழற்றிய அன்று சார் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆயிற்று. சேகருக்குக் கனடாவில் வேலை. சான்றிதழ்கள், முத்திரைகள், உன் பெயரில் இருக்கும் "மு" என்பது எதன் சுருக்கம் என்ற கேள்விகள் எல்லாவற்றையும் தாண்டி இங்கே வந்து சேர்ந்தேன். மார்கரெட் நேர்காணலில், "ஆய்வில் நேர்மை என்றால் என்ன?" என்று கேட்டார். என் ஆங்கிலம் அப்போது தடுக்கும். ஆனாலும் தங்கராஜ் சாரின் கதையைத் தடுக்காமல் சொன்னேன். தம் மையமே போனாலும் பரவாயில்லை என்று ஒரு ஏழைப் பெண்ணைக் காப்பாற்றிய மனிதர் என்று முடித்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

5

போன டிசம்பரில் கவிதாவோடு ஊருக்குப் போனேன். அப்பா ஓய்வுபெற்றுப் பட்டாபிராமில் வீடு கட்டியிருக்கிறார். நெமிலிச்சேரி பக்கத்து ஸ்டேஷன். ஒருநாள் காலை, ஹமீதாக்காவைப் பார்த்துவிட்டு வரலாமா என்று தோன்றியது. கவிதாவும் கிளம்பினாள்.

அதே வீடுதான். கூரை மாறியிருந்தது. ஹமீதாக்கா என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"யாரு, வசந்தியா? வா கண்ணு. இது உம் பொண்ணா?"

கவிதா தனக்குத் தெரிந்த தமிழில், "நீ எப்படி இருக்கு?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஹமீதாக்கா சிரித்துவிட்டார். "நல்லா கீறேன் தாயி" என்று அவள் கன்னத்தைத் தொட்டார்.

வீட்டுக்காரர் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. மகன் கோயம்பேட்டுப் பக்கம் வேலைக்குப் போகிறான். டீ போட்டுக் கொடுத்தார். பேச்சு எங்கெங்கோ போய்ப் பூந்தமல்லிக்கு வந்தது. நானே ஆரம்பித்தேன்.

"அக்கா, அன்னைக்கு உங்களுக்கு நடந்ததை நான் மறக்கவே இல்லை. சாரும் மறக்கலை. அந்த அறிக்கையை அவர் வெளியே விடவே இல்லை தெரியுமா? உங்களுக்காகத்தான்."

டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனுக்காகவா?"

"ஆமாக்கா."

"நான் கேட்டனா?" குரல் உயரவில்லை. "ஊடு போச்சு. கடெ போச்சு. தெருவுல அல்லாரும் காறித் துப்புனாங்கோ. சரி, நம்ப சொன்னது கோட்டைக்காவது போவும், நாலு பேரு படிப்பான், அந்தக் கொயா பூட்டு தொறக்கும்னு நெனச்சிகினு கீறேன். எத்தினி வருசம் நெனச்சிகினு இருந்தேன் தெரிமா? அப்பறம் ஒருத்தர் சொன்னாரு, அந்தப் பேப்பரு போவவே இல்லியாம்னு. ஊடும் போயி, சொன்னதும் போச்சே கண்ணு. அப்போ நான் இன்னாத்துக்கு வாயத் தொறந்தேன்?"

நான் என் டம்ளரையும் கீழே வைத்தேன்.

"இப்போ அந்தப் பக்கம் போய்ப் பாரு. கெணறுங்கோ அல்லாத்தியும் தூத்து பிளாட் போட்டு வித்துட்டான் கன்னியப்பன்."

கவிதா என் கையைத் தொட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "பழைய வீட்டை நினைத்து வருத்தப்படுகிறார்" என்றேன்.

வெளியே வந்ததும் கவிதா நின்று, ஆங்கிலத்தில் சொன்னாள்: "அவர் அவ்வளவு நேரம் பேசினார். நீ ஒரு வரி சொன்னாய். அவர் உன்மேல் கோபமாக இருந்தார், எனக்குத் தெரிந்தது. எப்போதும் இப்படித்தான் செய்கிறாய் அம்மா. எனக்கு எது தாங்கும் என்று நீயே முடிவு பண்ணுகிறாய்."

பாதையிலேயே நின்று அவளிடம் முழுவதையும் சொன்னேன். நடுநடுவே அவள் கேள்வி கேட்டாள். ஊருக்கு வந்ததிலிருந்து நாங்கள் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியது அன்றுதான்.

6

தங்கராஜ் சார் திருவேற்காட்டில் மகனோடு இருக்கிறார். கோயிலைச் சுற்றி வீடுகளாக முளைத்துவிட்டதால் விசாரித்து விசாரித்துப் போனேன். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷம். சொல்லாமல் வந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். முடியவில்லை. ஹமீதாக்கா சொன்னதை அப்படியே சொன்னேன்.

முகம் சிவந்துவிட்டது.

"என்ன பேசறே? அது வெளியே போயிருந்தா கன்னியப்பன் ஆளுங்க அந்தக் குடும்பத்தை நெமிலிச்சேரி வரைக்கும் தேடிட்டுப் போயிருப்பாங்க. நான் அவங்களைக் காப்பாத்தினேன். என் மையத்தையே கொடுத்துக் காப்பாத்தினேன். நீ வெளிநாட்டுல இருந்து வந்து எனக்கு நியாயம் சொல்றியா?"

மன்னிப்புக் கேட்டு, அவர் மருமகளிடம் பட்டாபிராம் விலாசத்தையும் போன் எண்ணையும் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது இரண்டு பேர்மேலும் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யார்மேலும் வரவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பட்டாபிராம் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சார் இறங்கினார். சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"அந்த அம்மா வீடு உனக்குத் தெரியுமில்ல? கூட்டிட்டுப் போ."

ஹமீதாக்கா அவரைக் கண்டதும் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். சார் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, உங்களை ஒரு வார்த்தை கேட்காம நானே முடிவு பண்ணிட்டேன்."

ஹமீதாக்கா அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"கேட்டிருந்தீங்கன்னா வேணாம்னுதான் சொல்லியிருப்பேனோ இன்னாவோ சார். அப்போ அம்மாம் பயம் எனுக்கு. ஆனா கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்" என்றார் சார்.

"குந்துங்க. டீ போடறேன்."

டீ குடித்தோம். ஹமீதாக்கா மகனுக்குப் பெண் பார்ப்பதைப் பற்றிப் பேசினார். சார் தலையாட்டிக்கொண்டே கேட்டார். புறப்படும்போது ஹமீதாக்கா வாசல்வரை வந்தார். மன்னித்ததாகவோ மன்னிக்கவில்லை என்றோ யாரும் சொல்லவில்லை.

நெமிலிச்சேரி பிளாட்பாரத்தில் ரயிலுக்காக நின்றோம். சார் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கேட்டார்:

"வசந்தி, அம்பத்தூர்ல, பூந்தமல்லியில, நம்மகிட்ட பேசினவங்க எல்லாம் இப்போ எங்கே இருப்பாங்க?"

தெரியாது சார் என்றேன். அடுத்த வாரம் விமானம் ஏறி இங்கே வந்துவிட்டேன்.

7

விழா முடிந்தது. என் இடத்தில் வேறொருவர் பேசினார். நன்றாகவே பேசினார். மார்கரெட் என்னிடம் சாதாரணமாகத்தான் இருக்கிறார், ஆனால் முன்போல் என் மேஜைக்கு வந்து நிற்பதில்லை. கவிதா, அன்று அந்தப் பாதையில் பேசியதுபோல் மறுபடி பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டு முறை பேசினாள். மற்ற நாட்களில் அறைக்கதவு சாத்தியிருக்கிறது.

ஞாயிறுதோறும் அம்மாவுக்குப் போன் செய்வேன். தொலைவின் இரைச்சலுக்கு நடுவே அம்மா ஊர்ச் செய்தியெல்லாம் சொல்வாள். போன வாரம் சொன்னாள்:

"உங்க சார் தினம் ஷேர் வேன் ஏறிப் பூந்தமல்லிக்குப் போறாராம்ளா. தெருத்தெருவா யாரையோ விசாரிக்காராம். அவர் மருமவ போன் பண்ணி என்கிட்ட அழுதா. வயசான காலத்துல இவருக்கு என்ன வந்துதுங்கா. அந்த அடிபம்புத் தெருவுல ஒரு பொம்பளை, இவர் பேரைச் சொன்னதும் கதவைச் சாத்திட்டாளாம்."

"அப்புறம் என்ன பண்ணினாராம்?"

"மறுநாளும் போனாராம்."